அவர்களுடைய உள்விவகாரம்

அன்புள்ள சேர்,

காத்தான்குடியில் நண்பர் வீட்டில் நோன்பு திறந்ததைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நோன்புக் கஞ்சியின் வாசம் எழுத்தில் இருந்தது. ஆனால் நடுவில் 'பயங்கரவாதத்துக்கு மதம் கிடையாது' என்று ஒரு வரி வருகிறது. அதற்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை.

2019 உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் தற்கொலைக் குண்டு வெடித்து இறந்த பிள்ளைகளில் ஒருவன் எங்கள் ஒழுங்கைக்கு விடுமுறையில் வந்து பந்து விளையாடுபவன். அவனைக் கொன்றவன் மதத்தின் பெயரைச் சொல்லித்தான் கொன்றான். அதைச் சொல்ல உங்களைப் போன்றவர்கள் ஏன் கூச்சப்படுகிறீர்கள்? தமிழ் இயக்கங்கள் செய்த கொலைகளைத் தயங்காமல் எழுதுகிறீர்கள். பௌத்த பிக்குகளைப் பெயர் சொல்லிக் கண்டிக்கிறீர்கள். முஸ்லிம் என்றதும் பேனா நின்றுவிடுகிறது. இதற்குப் பெயர்தான் அரசியல் சரி என்றால் அந்தச் சரி எனக்கு வேண்டாம்.

மிதவாத முஸ்லிம்கள்தான் பெரும்பான்மை என்று எல்லோரும் சொல்கிறீர்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? ஏன் அவர்களின் குரல் கேட்பதே இல்லை? இதைக் கேட்டால் என்னை இனவாதி என்கிறார்கள். பதில் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் கேட்கிறேன்.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், களுவாஞ்சிகுடி)

அன்புள்ள தம்பி,

அந்த வரி பிழை. அதை நான் எழுதியிருக்கக் கூடாது. சாப்பிட்டு வந்த வீட்டைப் பற்றி எழுதுகிறோமே என்ற மரியாதையில் சேர்த்த வரி அது. அந்த வீட்டுக்காரர்கள் அப்படி ஒரு மரியாதையை என்னிடம் கேட்கவும் இல்லை. நீங்கள் சுட்டிக்காட்டிய பிறகு மூன்று நாட்கள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் பதில் தாமதம்.

அன்றைய தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கிய காத்தான்குடிக்காரர் சஹ்ரான் ஹாசிமும் முகத்தை மூடிய அவரது கூட்டாளிகளும் ஐ.எஸ். தலைவரின் பெயரில் உறுதிமொழி எடுத்த காணொளியை உலகமே பார்த்தது. தாங்கள் எதற்காகச் சாகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் அவர்கள் போனார்கள். அதன் பிறகு 'அதற்கும் மதத்துக்கும் தொடர்பில்லை' என்று நாம் அவர்களுக்காக விளக்கம் சொல்வது விசித்திரம். வறுமை என்பார்கள். அதே நாளில் கொழும்பு விடுதிகளில் வெடித்த இரண்டு சகோதரர்கள் பெரும் மசாலாப் பொருள் வியாபாரியின் பிள்ளைகள். படிப்பறிவின்மை என்பார்கள். இன்னொருவர் பிரித்தானியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் படித்தவர். ஒரு குறிப்பிட்ட மதவிளக்கம், 'நாம் மட்டுமே முஸ்லிம்கள், மற்றவர்கள் எல்லாம் வெளியே' என்று கோடு கிழித்த ஒரு விளக்கம், அவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. அதைச் சொல்லாமல் அன்றைய நாளைப் பற்றி எதையும் சொல்ல முடியாது.

சதி என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், இரு சமூகத்திலும். இந்தியாவிலிருந்து ஏப்ரல் 4ஆம் திகதியே எச்சரிக்கை வந்திருந்தது. அதைக் கையாளாமல் விட்டவர்கள் மீது 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்து, முன்னாள் ஜனாதிபதியைப் பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தும்படி சொன்னது. அதற்கும் அப்பால் யார் யாரைப் பயன்படுத்தினார்கள் என்ற விசாரணை முழுமையாக நடக்கத்தான் வேண்டும். ஆனால் மேலே ஆயிரம் சதி இருந்தாலும், தோளில் பையைச் சுமந்துகொண்டு சீயோன் வாசலுக்கு வந்தவன் நம்முடைய கரையோரத்துப் பையன். ஞாயிறு வகுப்பு முடிந்து வெளியே நின்ற பிள்ளைகளைக் கண்ணால் பார்த்த பிறகும் அவன் கை பின்வாங்கவில்லை. அந்த மனத்தை எந்தப் புலனாய்வுத் துறையும் ஒரே வாரத்தில் செய்து கொடுத்திருக்க முடியாது. அது ஆண்டுக்கணக்காக, ஒலிபெருக்கியில், எல்லோர் காதிலும் விழும்படி செய்யப்பட்டது.

இந்த இடம்வரை நீங்களும் நானும் ஒன்றாக வந்துவிட்டோம். 'மிதவாத முஸ்லிம்கள் எங்கே?' என்ற கேள்வியில்தான் உங்களோடு எனக்குப் பிணக்கு. அந்தக் கேள்வி கடுமையானது என்பதற்காக அல்ல. அதற்கு விடை நம் கண்முன்னால் இருந்தது, நாம் பார்க்கவில்லை என்பதற்காக.

காத்தான்குடியை நீங்கள் பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பீர்கள். நடுவீதியில் வரிசையாகப் பேரீச்ச மரங்கள், இரண்டு பக்கமும் கடைகள், ஆரையம்பதி வந்ததும் மரங்கள் முடிந்துவிடும். அந்தச் சில நிமிடப் பயணத்தில் அது ஒரே ஊர், ஒரே மனம் என்று தோன்றும். உள்ளே சூஃபி வழியில் போகும் தரீக்காக்காரர்கள், ஊர் ஊராகப் போய்ப் போதிக்கும் தப்லீக்காரர்கள், தர்கா வழிபாட்டை மறுக்கும் தௌஹீத்தில் பல பிரிவினர், இவற்றில் எதிலும் சேராமல் கடையும் தொழுகையுமாக இருப்பவர்கள் என்று எத்தனையோ பேர். ரவூப் மௌலவி என்பவர் 'எல்லாம் அவனே' என்ற சூஃபிக் கருத்தைப் போதித்தார். 1979இல் மார்க்க அறிஞர்களின் சபையான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அவரையும் அவரை ஏற்றுக்கொண்டவர்களையும் மதம் மாறியவர்கள், முர்தத்துகள் என்று பத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்பு, கொடுத்தது. ஆண்டைக் கவனியுங்கள். சஹ்ரான் பிறப்பதற்கு முன்பு. அந்தப் பத்வாவை எழுதியவர்கள் வாள் தூக்கியவர்கள் அல்லர். நீங்களும் நானும் நேரில் பார்த்தால் மிதவாதிகள் என்று சொல்லக்கூடிய, கண்ணியமான மார்க்க அறிஞர்கள்.

பிறகு வந்த இளைஞர்கள் அந்தச் சொல்லைச் சொல்லாகவே வைத்திருக்கவில்லை. 2004இல் சூஃபிப் பிரிவினரின் வீடுகளும் நிலையங்களும் தாக்கப்பட்டன. 2006 டிசம்பரில் பயில்வான் என்று அழைக்கப்பட்ட இன்னொரு சூஃபித் தலைவர் இறந்தபோது, முர்தத்தின் உடல் காத்தான்குடி மண்ணில் கிடக்கக் கூடாது என்று ஊர் திரண்டது. புதைத்த உடலைத் தோண்டி எடுத்தார்கள். 2017 மார்ச் 10 அன்று அலியார் சந்தியில் சஹ்ரானின் கூட்டத்துக்கும் ரவூப் மௌலவியின் ஆட்களுக்கும் மோதல் நடந்தது. வாள்கள் வெளியே வந்தன. சஹ்ரான் தலைமறைவானது அதன் பிறகுதான்.

சஹ்ரானுடைய கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். படித்த மத்ரஸா அவரை இடையில் வெளியேற்றியது. பிறகு சேர்ந்த பள்ளிவாசலும் அவரை விலக்கியது. அவரது பேச்சுகளைக் குறித்துக் காத்தான்குடி முஸ்லிம்களே பொலிஸில் முறையிட்டார்கள், வீதியில் இறங்கி ஆர்ப்பாட்டம் செய்தார்கள். மாவனல்லைப் பக்கத்தில் புத்தர் சிலைகளை உடைத்தவர்களைக் கண்டுபிடிக்கப் பொலிஸுக்கு உதவிய முஸ்லிம் ஒருவர், 2019 மார்ச்சில் படுக்கையிலேயே தலையில் சுடப்பட்டார். தாக்குதல் நடந்து ஐந்தாம் நாள் சாய்ந்தமருதில் புதிதாகக் குடிவந்தவர்களைச் சந்தேகித்துப் பொலிஸுக்குச் சொன்னவர்கள் அந்த ஊர் முஸ்லிம்கள். தற்கொலையாளிகளின் உடல்களைத் தங்கள் மையவாடிகளில் ஏற்கமாட்டோம் என்று அறிவித்தவர்களும் முஸ்லிம்கள்.

தம்பி, இவர்கள்தாம் நீங்கள் தேடும் ஆட்கள். எரிந்த வீட்டுக்காரர்களும் மனுக் கொடுத்தவர்களும் சுடப்பட்டவரும். அவர்கள் கத்தினார்கள். தமிழிலேயே கத்தினார்கள். கேட்க வேண்டிய தூரத்தில் நாம் இருந்தோம்.

நாம் என்று பொதுவாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளக் கூடாது. நான் செய்ததைச் சொல்கிறேன்.

2006 டிசம்பர் கடைசி வாரம். வாகரையில் ஷெல் விழுந்துகொண்டிருந்த காலம். பட்டணத்துப் பாடசாலைகளில் இடம்பெயர்ந்தவர்கள். நான் அப்போது படிப்பித்துக்கொண்டு, கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு வாரம் ஒரு பத்தி எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு மாலை, காத்தான்குடியிலிருந்து எனக்கு நெடுங்காலம் பழக்கமான ஒருவர் சைக்கிளில் கல்லடி வீட்டுக்கு வந்தார். கைத்தறிச் சாரன் வியாபாரம் செய்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். சட்டைப் பைக்குள்ளிருந்து கொப்பித் தாள்கள் நான்கை எடுத்து நீட்டினார். அந்த மாதம் தன்னுடைய பகுதியில் நடந்ததையெல்லாம் நாள்வாரியாக எழுதியிருந்தார். யாருடைய வீடு, எத்தனை மணிக்கு, யார் முன்னால் நின்றார்கள், யார் கதவைத் திறந்து பிள்ளைகளை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் கணக்குப் புத்தகம் எழுதுகிறவரின் கையெழுத்தில்.

"மாஸ்டர், இதை நீங்கள் எழுதினால்தான் வெளியே தெரியும். எங்கள் ஆட்களின் பத்திரிகையில் போடமாட்டார்கள்" என்றார்.

நான் தாள்களை வாசித்துவிட்டுச் சொன்ன பதில் இன்றும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. "காக்கா, நான் எழுதினால் தமிழன் முஸ்லிம்களைப் பிரிக்கப் பார்க்கிறான் என்பார்கள். இது உங்களுடைய உள்விவகாரம். நாங்கள் தலையிடுவது அழகில்லை."

அவர் மறுத்துப் பேசவில்லை. பிளேன்டீயைக் குடித்தார். தாள்களைத் திருப்பி வாங்காமல் மேசையிலேயே விட்டுவிட்டு, இருட்ட முன் போய்விட வேண்டும் என்று எழுந்துவிட்டார்.

நான் சொன்ன காரணம் முழுப் பொய் அல்ல. அந்த நாட்களில் தமிழ்ப் பத்தி ஒன்று முஸ்லிம் ஊரின் சண்டையை எழுதியிருந்தால் அதை ஆயுதக் குழுக்கள் எப்படிப் பயன்படுத்தியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது முழு உண்மையும் அல்ல. எழுதாமலிருப்பது எனக்கு வசதியாக இருந்தது. எழுதாமல் இருந்ததற்காக நான் நல்லவனாகவும் எண்ணப்பட்டேன். முஸ்லிம் நண்பர்கள் என்னைப் 'பிற சமூகத்தை மதிக்கத் தெரிந்தவர்' என்றார்கள். நான் மதித்தது யாரை? ஊரில் குரல் பெரிதாக இருந்தவர்களை. காக்காவை நான் மதிக்கவில்லை. அவர் வீட்டுக்குத் திரும்பிப் போன வழி எவ்வளவு இருட்டு என்று கூட நினைக்கவில்லை.

நீங்கள் கண்டிக்கும் அரசியல் சரி என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். முஸ்லிம்கள் மீது அளவுக்கு மீறி அன்பு காட்டுவது அதன் குற்றம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அது அன்பாகவே தெரியவில்லை. ஒரு சமூகத்தை ஒற்றை ஆளாகப் பார்த்து, அந்த ஆளின் வாயாக யார் தன்னை முன்னிறுத்துகிறாரோ அவரோடு மட்டும் கைகுலுக்கும் பழக்கம் அது. அரசியல்வாதிகள் வாக்குக்காக அதையே செய்தார்கள். 2015 பாராளுமன்றத் தேர்தலில் வேட்பாளர்கள் சஹ்ரானின் அமைப்பிடம் ஆதரவு தேடிப் போனது பின்னர் பாராளுமன்றத் தெரிவுக்குழுவில் பேசப்பட்டது. அவர்கள் வாக்குக்காகச் செய்ததை நான் நற்பெயருக்காகச் செய்தேன். வேறுபாடு அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காக்காவின் தம்பி 1990 ஓகஸ்ட் 3 இரவு ஹுஸைனியாப் பள்ளியில் தொழுகையில் நின்றவர். அன்று மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனியாவிலும் விடுதலைப் புலிகள் கொன்ற நூற்றுக்கு மேற்பட்டவர்களில் அவரும் ஒருவர். ஒரு வாரத்துக்குப் பிறகு ஏறாவூர் முஸ்லிம்களைக் கொன்றார்கள். அம்பாறைப் பக்கம் வீரமுனையில் கோயிலில் தஞ்சமிருந்த தமிழர்களை முஸ்லிம் ஊர்காவலர்கள் கொன்றதும் அதே ஓகஸ்டில்தான். செப்டெம்பரில் சத்துருக்கொண்டான் தமிழர்களை இராணுவத்தினர் கொன்றார்கள். அந்த ஆண்டைப் பற்றிப் பேசினால் யாருடைய இறந்தவர்களை முதலில் சொல்வது என்பதிலேயே சண்டை வந்துவிடும். நான் சொல்ல வந்தது வேறு. ஓகஸ்ட் 4ஆம் திகதி காலையில் செய்தி கேட்டபோது நான் என்ன செய்தேன்? வானொலியை நிறுத்தினேன். அம்மா கோயிலுக்குப் போகலாமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். அடுத்த பல மாதங்கள் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஓராண்டுக்கு முன்புதான் யாழ்ப்பாணத்தில் மனித உரிமைக்காகப் பேசிய மருத்துவர் ராஜினி திராணகமவைச் சைக்கிளில் போகும்போது சுட்டிருந்தார்கள். பேசினால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அச்சம் மட்டும்தான் என்று சொன்னால் உங்களிடமும் பொய் சொன்னவனாவேன். நம் ஆட்களில் பலருக்கு, கொலையைச் செய்யவோ பார்க்கவோ மனமில்லாத நல்லவர்கள் பலருக்கு, 'அவர்களுக்கு இது வேண்டும்' என்று ஓர் எண்ணம் அடிமனத்தில் இருந்தது. அந்த எண்ணம்தான் கொலைகாரர்களுக்குத் தேவையான நிழல். அதை நான் நம் பக்கத்தில் பார்த்திருப்பதால்தான் காத்தான்குடியிலும் அடையாளம் காண முடிகிறது. பயில்வானின் உடலைத் தோண்டியவர்கள் சிலர். அதைத் தவறு என்று சொல்லியும், 'ஆனாலும் அவர் முர்தத்தானே' என்று ஒரு வாலைச் சேர்த்துக்கொண்டவர்கள் பலர். அந்த வாலைப் பற்றித்தான் முஸ்லிம் நண்பர்களிடம் நாம் பேச வேண்டும். நேராக, முகத்துக்கு முன்னால். 'நீங்கள் குண்டு வைப்பவர்களைக் கண்டிக்கிறீர்களா?' என்பது பயனற்ற கேள்வி. எல்லோரும் கண்டிப்பார்கள், மனமாரவே கண்டிப்பார்கள். 'உங்களைப் போல் தொழாத முஸ்லிமை முஸ்லிம் என்று ஏற்கிறீர்களா? அவருடைய ஜனாஸா உங்கள் மையவாடிக்கு வரலாமா?' என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இங்கே கவனம் தேவை. தர்கா வழிபாடு கூடாது, கந்தூரி கூடாது என்று ஒருவர் நம்பினால் அது அவருடைய மதம். அதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்கு என் அம்மா நேர்த்தி வைத்துப் போயிருக்கிறார். அதெல்லாம் ஷிர்க், இறைவனுக்கு இணைவைக்கும் பாவம் என்று ஒரு தௌஹீத் இளைஞர் என்னிடம் சொன்னபோது எனக்கு வலித்தது. ஆனால் என் வலி அவரைப் பயங்கரவாதியாக்கிவிடாது. தாடியும் அபாயாவும் ஆதாரமாகிவிடாது. மற்றவரை மார்க்கத்துக்கு வெளியே தள்ளி, வெளியே தள்ளியவரின் உயிரும் சொத்தும் மலிவு என்று காட்டுகிற பேச்சு, அதுதான் எல்லை. அந்தப் பேச்சுக்கு எந்தச் சலுகையும் வேண்டாம்.

மனம் திறந்து பேச வேண்டும் என்கிறீர்கள். பேசலாம். ஆனால் நம் நாட்டில் மனம் திறந்து பேசியவர்கள் என்ன பேசினார்கள் என்றும் பாருங்கள். 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் கடையில் கொத்துரொட்டிக்குள் மலட்டு மாத்திரை இருந்ததாகச் சொல்லிக் கடையை உடைத்தார்கள், பள்ளிவாசலைத் தாக்கினார்கள். அது மாவுக் கட்டி என்று பிறகு பரிசோதனையில் தெரிந்தது. அப்படி மலடாக்கும் மாத்திரை உலகில் எங்கும் இல்லை. சில நாட்களுக்குள் கண்டிப் பக்கம் திகனையில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. 2019 மே மாதம் ஹசலக்கவில் கப்பல் சுக்கான் படம் போட்ட ஆடையைப் பௌத்தர்களின் தர்மச்சக்கரம் என்று சொல்லி ஒரு முஸ்லிம் பெண்ணைச் சிறையில் வைத்தார்கள். இவையெல்லாம் பேசப்பட்டவைதாம், மிகத் துணிச்சலாக.

என்னை அதிகம் வருத்துவது சிலாவத்துறை இளைஞர் அஹ்னாப் ஜஸீமின் கதை. ஐ.எஸ். அமைப்பையும் வன்முறையையும் கண்டித்துக் கவிதை எழுதியவர். 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் கைது செய்தார்கள். காரணம், அவர் எழுதிய கவிதைகள் தீவிரவாதம் போதிக்கின்றனவாம். தமிழ் வாசிக்கத் தெரிந்த எவருக்கும் ஒரு மணி நேரத்தில் புரிந்திருக்கக்கூடிய விஷயத்துக்கு அவர் ஒன்றரை ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்தார். 2021 டிசம்பரில் பிணையில் வந்தார், 2023 டிசம்பரில்தான் வழக்கிலிருந்து விடுதலையானார். நீங்கள் கேட்ட குரல், தம்பி, இதோ தமிழிலேயே அச்சாகி இருந்தது. அரசு அதைச் சிறையில் போட்டது. நாம், அதே மொழியில் வாசிக்கிறவர்கள், எத்தனை பேர் எழுந்து 'இது அப்படி இல்லை' என்று சொன்னோம்?

பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று முஸ்லிம் பெண்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்கிறார்கள். அந்தச் சட்டத்தில் மணமகளின் கையெழுத்துக்கு இடமில்லை, பெண் காதியாக, அதாவது விவாக நீதிபதியாக, முடியாது, பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த சிறுமியின் திருமணத்தைக்கூடக் காதியின் அனுமதியோடு பதியலாம். 2009இல் ஒரு குழு போட்டார்கள், அறிக்கை வர ஒன்பது ஆண்டுகள் ஆயின. அந்தப் பெண்களிடம் ஊரார் சொன்னது: 'இப்போது வேண்டாம், எதிரிகள் பயன்படுத்துவார்கள்.' கொழும்பில் மனித உரிமை பேசுகிறவர்கள் பலரும் சொன்னது: 'அது சமூகத்துக்குள்ளிருந்து வரட்டும்.' ஏறாவூர் எழுத்தாளர் ஸர்மிளா ஸெய்யித் 2012இல் ஒரு வானொலிப் பேட்டியில் பாலியல் தொழில் பற்றித் தன் கருத்தைச் சொன்னதற்காக மிரட்டப்பட்டார், ஊரை விட்டுப் போனார், அதன் பின்னும் அவர் கொல்லப்பட்டதாகப் பொய்ச் செய்தி பரப்பினார்கள். சமூகத்துக்குள்ளிருந்துதானே அவர் பேசினார்? 2019க்குப் பிறகு அந்தச் சட்டத்தைத் திடீரென்று பெரும்பான்மை அரசியல்வாதிகள் கையில் எடுத்தபோது, பெண்களின் நியாயமான கோரிக்கை முஸ்லிம்களுக்கான தண்டனைபோல் ஆகிவிட்டது. நேரத்தில் துணை நிற்காதவர்கள், பிறகு அதைக் கல்லாக எடுத்து எறிய வந்தவர்கள், இரு தரப்பாரும் அந்தப் பெண்களைத்தான் தோற்கடித்தார்கள்.

2019 ஓகஸ்ட் இறுதியில் சீயோனில் வெடித்தவனின் உடல் எச்சங்களைக் கள்ளியங்காடு இந்து மயானத்தில் யாருக்கும் சொல்லாமல் புதைத்தபோது, நானும் வீதியில் இறங்கினேன். கோபம் நியாயமானது. எங்கள் பிள்ளைகளைக் கொன்றவனை எங்கள் முன்னோர்களின் பக்கத்தில் வைக்க யார் அனுமதி கொடுத்தது? ஆனால் கூட்டத்தில் என் அருகில் நின்ற ஒரு பையன், இனி காத்தான்குடிக்காரன் கடையில் ஒரு பென்சில்கூட வாங்கக் கூடாது என்று கத்தினான். கூட்டம் ஆமாம் என்றது. நான் வாய் திறக்கவில்லை. 2006இல் மரியாதை என்று பேர் வைத்து வாயை மூடினேன். அன்று துக்கம் என்று பேர் வைத்து மூடினேன்.

நீங்கள் உரிமையோடு என்னைக் கேட்டீர்கள். அதனால் நானும் ஒன்று கேட்கிறேன். களுவாஞ்சிகுடிச் சந்தைக்குத் துணி கொண்டு வருகிறவர், உங்கள் வீட்டுக்கு ஓடு போட்டவர், உங்களோடு வேலை செய்கிறவர் என்று யாராவது ஒரு முஸ்லிம் உங்களுக்கு இருப்பார். எனக்கு எழுதிய கடிதத்தை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். கோபப்பட்டால் படட்டும். அவர் சொல்லும் பதிலை எனக்கு எழுதுங்கள், அப்படியே வெளியிடுகிறேன்.

காக்கா 2014இல் காலமாகிவிட்டார். நான் நோன்பு திறந்தது அவர் வீட்டில்தான். இப்போது அங்கே அவருடைய மகள் இருக்கிறார். உங்கள் கடிதம் வந்த பிறகு, அலுமாரியில் பத்திரமாக இருந்த அந்த நான்கு தாள்களையும் எடுத்துக்கொண்டு போய் அவரிடம் கொடுத்தேன். வாப்பாவின் கையெழுத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இதை என்னுடைய தளத்தில் போடலாமா என்று கேட்டேன். பதினெட்டு ஆண்டுகள் பிந்திவிட்டது, ஆனாலும் போடுங்கள் என்றார். ஒரே ஒரு பெயரை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். கதவை உடைக்க முன்னால் நின்றவர் என்று வாப்பா எழுதிய அந்த மனிதர் பக்கத்து வளவில் இருக்கிறாராம். நான் அங்கே போன அன்று நோன்புக் கஞ்சி கொடுத்துவிட்டிருந்தது அவருடைய வீட்டிலிருந்துதானாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தத் தாள்கள் இங்கே வெளியாகும்.